வெப்பநிலை சட்டென மாறியதை ஆங்கிலத்தில் எழுதும் முறை

எழுத உட்கார்ந்ததும் வினைச்சொல்லைத் தேடாதீர்கள். எத்தனை டிகிரியில் தொடங்கியது, எத்தனையில் முடிந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வினை பொருந்தும் என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.

பழகிப் பார்க்க ஸ்பியர்ஃபிஷை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள ஊர் இது. 1943 ஜனவரி 22 காலை 7.30க்கு அங்கே மைனஸ் 4 டிகிரி ஃபாரன்ஹீட். மலைச்சரிவில் இறங்கும் சினூக் என்ற வெப்பக் காற்று வீச, 7.32க்கு 45 டிகிரி. 9 மணிக்குள் 54 ஆனது. காற்று அடங்கியதும் 27 நிமிடத்தில் மறுபடியும் மைனஸ் 4.

அந்த இரண்டு நிமிட ஏற்றத்துக்கு ‘ஜம்ப்ட்’ அல்லது ‘ஷாட் அப்’ பொருந்தும். ‘க்ளைம்ட்’ மெல்ல ஏறுவதைச் சொல்லும், 7.32க்குப் பிந்தைய ஏற்றத்துக்கு அதுதான் சரி. 27 நிமிட வீழ்ச்சிக்கு ‘ப்ளம்மெட்டட்’. அதனுடன் ‘சடன்லி’ சேர்க்க வேண்டாம், வேகம் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு மூன்று டிகிரி இறங்கி மீண்டால் ‘டிப்ட்’ போதும். ‘கோல்ட் ஸ்னாப்’ சில நாள் நீடிக்கும் குளிரைக் குறிப்பது, நிமிடக் கணக்குக்கு ஒட்டாது.

தமிழில் யோசித்து எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது ‘பை’ (by), ‘டு’ (to) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களிலும்தான். ‘10 டிகிரி குறைந்தது’ வேறு, ‘10 டிகிரியாகக் குறைந்தது’ வேறு. நம் ‘ஆக’ செய்யும் வேலையை அங்கே ‘டு’ செய்கிறது. 30இலிருந்து ‘ஃபெல் பை டென் டிகிரீஸ்’ என்றால் இப்போது 20. ‘ஃபெல் டு டென் டிகிரீஸ்’ என்றால் 10. ‘பை’யை விட்டுவிட்டு ‘ஃபெல் டென் டிகிரீஸ்’ என்று எழுதினாலும் 20தான். பெயர்ச்சொல்லாக எழுதும்போது, எவ்வளவு என்பதற்கு ‘ட்ராப் ஆஃப்’, எது குறைந்தது என்பதற்கு ‘ட்ராப் இன்’.

‘த டெம்பரேச்சர் பிகேம் கோல்ட்’ என்று எழுதாதீர்கள். குளிர்வது காற்றும் வானிலையும். டெம்பரேச்சர் ‘லோ’ அல்லது ‘ஹை’ ஆகத்தான் இருக்கும். 10 டிகிரி செல்சியஸ் 20 ஆனதை ‘ட்வைஸ் ஆஸ் ஹாட்’ (இரண்டு மடங்கு சூடு) என்பதும் பிழை. செல்சியஸின் பூஜ்ஜியம் நீர் உறையும் புள்ளி, வெப்பமே இல்லாத நிலை அன்று.

அலகு மாற்றும்போது இன்னொரு குழி காத்திருக்கிறது. ஸ்பியர்ஃபிஷ் ஏற்றம் 49 ஃபாரன்ஹீட் டிகிரி. இதை அப்படியே அலகு மாற்றும் கருவியில் போட்டால் சுமார் 9 செல்சியஸ் என்று காட்டும். அது 49 டிகிரி வெப்பநிலைக்கான விடை. வெப்பநிலையை மாற்றும்போது கழிக்கும் 32ஐ, வித்தியாசத்தை மாற்றும்போது கழிக்கக் கூடாது. 5ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் போதும். சுமார் 27 வரும். மைனஸ் 20இலிருந்து 7 செல்சியஸுக்கு ஏறியது என்று முனைகளைத் தனித்தனியே மாற்றிச் சரிபாருங்கள்.

எண்ணைச் சொன்ன பிறகு அந்த மாற்றம் எதைத் தாக்கியது என்று ஒரு வாக்கியம் வையுங்கள். எண் மட்டும் படிப்பவருக்குக் குளிராது. ஸ்பியர்ஃபிஷில் ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன, கார் முகப்புக் கண்ணாடிகளில் நொடியில் உறைபனி படர்ந்தது. ‘விண்டோஸ் க்ராக்ட்’ என்ற இரண்டு சொல்லே போதும், அடைமொழி எதுவும் வேண்டியதில்லை.