சின்ன சர்வீஸ் பிசினஸ வெளிநாட்டு கஸ்டமர்கிட்ட கொண்டு போறது எப்படி

பொருள் ஏத்துமதின்னா கன்டெய்னர், கஸ்டம்ஸ்னு கண்ணுக்கு தெரியும், சர்வீஸ்ல அது எதுவும் இல்லாததால நிறைய பேர் தாங்க பண்றது ஏத்துமதின்னே நினைக்கறதில்ல. டிசைன், சாஃப்ட்வேர், கணக்கு எழுதறது, ஆன்லைன் டியூஷன், எதுவா இருந்தாலும் வேற நாட்டு கஸ்டமருக்கு செஞ்சு காசு வாங்கினா அது ஏத்துமதிதான். 1995ல நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்போட சேவை ஒப்பந்தம் இதை நாலு வழியா பிரிக்குது: இருக்கற இடத்துல இருந்தே வேலைய அனுப்பறது, கஸ்டமர் நம்ம நாட்டுக்கு வந்து வாங்கறது, அங்க கிளை போடறது, நம்ம ஆள் அங்க போய் செய்யறது. சின்ன பிசினஸ் முதல் வழியிலயே ஆரம்பிங்க, ஏன்னா மீட்டிங்குக்கு போற பிசினஸ் விசால அங்க உக்காந்து வேலை செய்ய நிறைய நாடுகள்ல அனுமதி கிடையாது, கிளைன்னா செலவு தாங்காது.

நாடு ஒண்ணே ஒண்ணு எடுங்க. எந்த நாடுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி இப்ப இருக்கற கஸ்டமர் லிஸ்ட்ட பாருங்க, யாருக்காவது வெளிநாட்டுல கிளை இருக்கா, எங்க இருந்தாவது தானா விசாரிச்சு மெயில் வந்திருக்கான்னு, அங்க இருந்து தொடங்கறது விளம்பரத்துக்கு கொட்டறத விட எவ்வளவோ மேல். சட்டம், ஆடிட், மருத்துவம் மாதிரி தொழிலுக்கு அந்த நாட்டு லைசென்ஸ் கேப்பாங்க, அப்படின்னா லைசென்ஸ் வச்சிருக்கற உள்ளூர் ஆளுக்கு பின்னாடி இருந்து என்ன வேலை செஞ்சு குடுக்கலாம்னு பாருங்க. சர்வீஸையும் குறுக்குங்க. "வெப்சைட் பண்றோம்"னு சொன்னா யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க, "பல் டாக்டருங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் புக் பண்ற வெப்சைட் பண்றோம்"னா அந்த ஆளுக்கு உடனே புரியும்.

இப்ப முக்கியமான விஷயம், காசும் காகிதமும். வேலைய தொடறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க: என்னென்ன செய்வோம், எத்தனை தடவை திருத்தி தருவோம், எந்த கரன்சி, எத்தனை நாள்ல பேமென்ட், வேலையோட உரிமை எப்ப அவங்களுக்கு போகும் (முழு காசும் வந்த பிறகுன்னு போடுங்க), தகராறு வந்தா எந்த நாட்டு சட்டம். ஒப்பந்தத்துல ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு போகாம ரெண்டு பக்கமும் ஒத்துக்கற நடுவர் தீர்ப்பு சொல்றது) போட்டா 1958 நியூயார்க் உடன்படிக்கைல சேந்த நாடுகள்ல அந்த தீர்ப்ப அமல்படுத்த வழி இருக்கு, ஆனா சின்ன பில்லுக்கு அந்த செலவே பில்ல தாண்டிடும், அதனால உண்மையான பாதுகாப்பு அட்வான்ஸ்தான், பெரிய வேலைய துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொரு துண்டுக்கும் காசு வந்த பிறகு அடுத்தத தொடுங்க. பேங்க்குங்க நாடு விட்டு நாடு பணம் அனுப்ப பயன்படுத்தற ஸ்விஃப்ட் வழியா பணம் வரும்போது நடுவுல இருக்கற பேங்க்கும் கட்டணம் பிடிக்கலாம், அது யார் தலைல விழும்னு முதல்லயே பேசிடுங்க.

வரி விஷயத்துல பயப்பட வேண்டாம், அசட்டையாவும் இருக்காதீங்க. நிறைய நாடுகள்ல சேவை ஏத்துமதிக்கு உள்நாட்டு ஜிஎஸ்டியோ வாட்டோ பூஜ்யம், ஆனா அதுக்கு ஒப்பந்தம், இன்வாய்ஸ், பணம் வந்த சான்று எல்லாம் கைல இருக்கணும். அமெரிக்க கம்பெனி டபிள்யூ-8 ஃபார்ம் (நீங்க வெளிநாட்டு ஆள்னு வரிக்காக காட்டறது) கேக்கும், தனி ஆளுக்கு டபிள்யூ-8 பென், கம்பெனிக்கு டபிள்யூ-8 பென்-இ, நிரப்பி குடுத்துடுங்க. ஐரோப்பிய யூனியன்ல இருக்கற கம்பெனிக்கு சர்வீஸ் பண்ணா பொதுவா வாட் கணக்கு அவங்க பக்கம், ரிவர்ஸ் சார்ஜ்னு சொல்றது இதத்தான், இன்வாய்ஸ்ல அவங்க வாட் நம்பர போடுங்க. ரெண்டு நாட்டுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் (ஒரே வருமானத்துக்கு ரெண்டு நாட்டுலயும் வரி விழாம இருக்க போடறது) இருக்கான்னு ஒரு ஆடிட்டர்கிட்ட ஒரே ஒரு தடவை உக்காந்து கேட்டுடுங்க, அந்த ஃபீஸ் வீண் போகாது.

அவங்க கஸ்டமரோட பேர், மெயில் மாதிரி டேட்டா உங்க கைக்கு வந்தா, ஐரோப்பான்னா 2018 மே மாசத்துல இருந்து ஜிடிபிஆர்ங்கற டேட்டா பாதுகாப்பு சட்டம் இருக்கு, டேட்டாவ எங்க வைக்கறீங்க, யார் பாக்கறாங்கன்னு தனியா ஒரு ஒப்பந்தம் கேப்பாங்க, ரெடியா ஒண்ணு வச்சிருந்தா நம்பிக்கை கூடும்.

அப்புறம் நேரம். அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு, நடுவுல அந்த ரெண்டு மூணு வாரம் ஃபோன் கால் நேரமெல்லாம் குழம்பும், அதனால மீட்டிங்க எப்பவும் அவங்க ஊர் நேரத்துலயே காலண்டர்ல போடுங்க. ஒரே நாட்டுல நாலஞ்சு கஸ்டமர் வந்து, அவங்க சொல்லி புது ஆள் வர ஆரம்பிச்ச பிறகு ரெண்டாவது நாட்ட பத்தி யோசிங்க.