பழைய பிரிட்டிஷ் பைக்குக்கு எந்த இக்னிஷன்?

முதலில் வண்டியில் இப்போது எந்த இக்னிஷன் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் அமைப்பு) இருக்கிறது என்று பாருங்கள். பிஎஸ்ஏ ஏ10 மாதிரி வண்டிகளில் லூகாஸ் கே2எஃப் மேக்னட்டோ வரும், என்ஜின் சுற்றும்போது தானே மின்சாரம் உண்டாக்கிப் பொறி தரும் கருவி அது. அதற்கு பேட்டரியே தேவையில்லை, பேட்டரி செத்தாலும் வண்டி ஓடும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் ஸ்டார்ட் ஆக மறுத்தால் உள்ளே இருக்கும் கண்டென்சரையோ காயிலையோ சந்தேகப்படலாம். நல்ல ஆளிடம் கொடுத்துப் புதுப்பித்தால் பல வருஷம் கவலையில்லை, என் ஓட்டு அதற்குத்தான்.

பேட்டரியில் ஓடும் பாயிண்ட்ஸும் (பொறி வர வேண்டிய நேரத்தில் திறக்கும் தொடர்பு முனைகள்) காயிலும் உள்ள வண்டி என்றால், பாயர் பிரான்ஸ்டன், பேசான் போன்ற எலக்ட்ரானிக் கிட் போடலாம், பாயிண்ட்ஸ் இடைவெளியை அடிக்கடி சரிபார்க்கும் வேலை மிச்சம். ஆனால் இதற்கு நல்ல பேட்டரி வேண்டும், வோல்டேஜ் இறங்கினால் சில கிட்களில் டைமிங்கே (பொறி வரும் நேரம்) குழம்பி கிக்கர் காலைத் திருப்பி உதைக்கும். அதனால் சார்ஜிங்கை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் கிட் வாங்குங்கள். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்த வண்டிகளில் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். வயரை மாற்றிக் கொடுத்தால் கிட் அங்கேயே காலி. மாட்டியதும் டைமிங்கை ஸ்ட்ரோப் லைட் (பொறி வரும்போதெல்லாம் மின்னும் விளக்கு) வைத்துத்தான் பார்க்க வேண்டும், கண் மதிப்பு போதாது.