சுவரைப் பார்த்து விலை சொல்லுங்கள்: வன்னியில் பெயின்ற் கொன்ராக்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு

2011 இல் கிளிநொச்சியில் ஒரு மேசனுக்குக் கையுதவியாகச் சேர்ந்தேன். தண்ணீர் அள்ளுவது, கலவை குழைப்பது, திட்டு வாங்குவது. பெயின்ற் பிறஸைக் கையில் தந்தது இரண்டு வருடம் கழித்துத்தான். இப்போது என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். தனியாக வேலை எடுக்க நினைக்கும் தம்பிமார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, சதுர அடிக்கு எவ்வளவு கேக்கிறது?" நான் பதில் சொல்வதில்லை. சுவரைப் பார்க்காமல் சதுர அடிக்கு விலை சொல்லி நட்டப்பட்ட ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனைத்தான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

அந்தக் கதைக்கு முன் கடதாசி வேலையை முடித்துவிடுவோம். உங்கள் சொந்த முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டியதில்லை. மகளின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ வைத்தால் பதிய வேண்டும். அதைத்தான் எல்லோரும் பி.ஆர். எடுப்பது என்கிறார்கள். கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதியோடு இடத்துக்கான ஆதாரமும் கேட்பார்கள். எங்கள் பக்கம் பலருக்குக் காணி உறுதி இல்லை, பேமிற், அதாவது காணி அனுமதிப்பத்திரம்தான் இருக்கிறது. அதன் பிரதியோடு போய், இது போதுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரண்டாம் தரம் அலைய வேண்டியிராது. கையில் பி.ஆர். இருந்தால் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்களுக்கு அதில் ஒரு நம்பிக்கை.

பாடசாலை, ஆஸ்பத்திரிக் கட்டடங்களை நேரே எடுக்க இது போதாது. 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில், அதாவது சீடாவில், ஒப்பந்தகாரராகப் பதிந்து தரம் எடுத்திருக்க வேண்டும். தொடங்கிய புதிதில் அந்தப் பக்கம் ஓடாதீர்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் சின்ன வேலைகள் கிடைக்கும்; பெயின்ற் அடிக்க அவர்களுக்கும் ஆள் வேண்டும். அப்படிப் போய்ப் பழகலாம். ஆனால் பில் கடந்து காசு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை உங்கள் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் காசு வேண்டும். அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், செய்துகாட்டியே என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழை எடுக்கும் வழி உண்டா என்று தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். கட்டாருக்குப் போக நினைப்பவர்களுக்கும் அது உதவும்.

ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதி உண்டு: ஆளின் சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் நீங்கள்தான் கட்ட வேண்டும். எங்கள் தொழிலில் இதை ஒழுங்காகக் கட்டுகிறவர் குறைவு. நானும் தாமதமாகத்தான் தொடங்கினேன், பெருமைப்பட ஒன்றும் இல்லை. விலை சொல்லும்போது இந்த 15 வீதத்தையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்.

இனி அந்த வீட்டுக் கதை. 2012 இலிருந்து இந்திய வீட்டுத்திட்டத்தில் இங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பின. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம், கட்டம் கட்டமாகத் தந்தார்கள். வீட்டுக்காரரே நின்று கட்ட வேண்டும். பலருக்கு அந்தக் காசு கூரையோடு முடிந்துவிட்டது. வருடக்கணக்கில் வெறும் சீமெந்துப் பூச்சோடு நின்ற சுவர்களுக்குத்தான் இப்போது சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் தம்பி காசு அனுப்புகிறார். விசுவமடுப் பக்கம் அப்படி ஒரு வீடு. படத்தை வட்ஸ்அப்பில் பார்த்து, நீள அகலத்தை ஃபோனில் கேட்டு, விலையைச் சொல்லிவிட்டேன். ஐப்பசிக்கு முன் அடித்து முடித்து, மீதிக் காசையும் வாங்கியாயிற்று. தை பிறந்ததும் அந்த அக்கா ஃபோன் எடுத்தார். "தம்பி, சுவர் திருநீறு பூசினமாதிரிக் கிடக்கு, வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். நிலத்திலிருந்து மூன்றடிக்கு வெள்ளை மா. விரலால் தொட்டால் பெயின்ற் சின்னச் சின்னச் செதிலாகக் கழன்று விழுந்தது. கூரைக்குப் பீலி இல்லை. மாரி மழை முழுக்கத் தகரத்திலிருந்து நேரே நிலத்தில் விழுந்து, சுவரின் அடியில் தெறித்து ஊறியிருக்கிறது. சுவருக்குள் போன தண்ணீர் காயும்போது சீமெந்திலும் மண்ணிலும் உள்ள உப்பை வெளியே கொண்டுவந்து விட்டுவிடும். இதுதான் உவர் பூப்பது. எவ்வளவு விலையான பெயின்றையும் அது உள்ளிருந்து தள்ளிவிடும். சுரண்டி, காயவிட்டு, என் காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். முதல் தரம் வந்த லாபம் அதிலேயே போயிற்று.

அதிலிருந்து எந்தச் சுவரையும் கையால் தடவிப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. வெள்ளை மா ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். சந்தேகம் என்றால் ஒரு முழ அளவு பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் ரேப்பால் இறுக்க ஒட்டி, அடுத்த நாள் பார்ப்பேன். உட்பக்கம் நீர்த்துளி நின்றால் சுவர் இன்னும் ஈரம். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காய வேண்டும், அதற்குள் எவர் அவசரப்படுத்தினாலும் இல்லை என்று சொல்லுங்கள். உவர் இருந்தால் காய்ந்த பிரஸால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். பீலி போடாத வீட்டுக்காரரிடம், முதலில் பீலி, பிறகு பெயின்ற் என்று சொல்லிவிடுவேன். இதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போயிருக்கிறது. போகட்டும்.

சரி, கணக்கு. 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. சுற்றளவு 44, சுவர் 440 சதுர அடி. கதவு 21, இரண்டு ஜன்னல் 32, இதைக் கழித்தால் 387. இரண்டு பூச்சுக்கு 774. எங்கள் சொரசொரப்பான சீமெந்துப் பூச்சுக்கு ஒரு லீற்றர் எமல்ஷன் 100 சதுர அடி என்று நான் பிடிப்பேன். பெயின்ற் தகரத்தில் இதைவிடக் கூடுதலாக எழுதியிருப்பார்கள், அது வழுவழுப்பான சுவருக்கு. ஆக 8 லீற்றர், நான்கு லீற்றர் தகரம் இரண்டு. பிறைமருக்கு, அதாவது முதலில் அடிக்கும் அடிப்பூச்சுக்கு, இன்னொரு தகரம்.

கூலியைச் சதுர அடியில் போடாமல் நாளில் போடுங்கள். சின்ன வீடு ஒன்றுக்குச் சுரண்டல், புட்டி, தேய்ப்பு என்று அடிவேலைக்கு மூன்று நாள், பூச்சுக்கு மூன்று நாள். இரண்டு பேர், நாட்சம்பளம் 4,000 என்று வைத்தால் 48,000. மண்கடதாசி, றோலர், பெற்றோல் எல்லாம் ஒரு 6,000. அதற்கு மேல் பத்தில் ஒன்று உங்களுக்கு. அறுபதுக்குக் கிட்ட வரும், சேமலாப நிதி வேறு. வீட்டுக்காரர் பேரம் பேசுவது எப்போதும் அடிவேலையில்தான். "மூன்று நாள் சுரண்டுறதுக்கோ?" என்பார்கள். சுவருக்குக் கூட்டிப்போய் விரலால் தடவிக் காட்டுங்கள். அதன் பிறகும் குறைக்கச் சொன்னால் பூச்சில் ஒன்றைக் குறையுங்கள், அடிவேலையில் கைவைக்காதீர்கள்.

பெயின்றை வீட்டுக்காரரே வாங்கட்டும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ஐத் தாண்டியபோது, பெயின்றும் சேர்த்து விலை பேசியிருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். 2024 தையிலிருந்து வற், அதாவது பெறுமதி சேர் வரி, 18 வீதம். பொருள் விலையின் சுமை உங்கள் தலையில் வேண்டாம். சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்றால், இந்த விலை 14 நாளுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஹாட்வெயார்க்காரர் உங்களுக்குக் கழிவு தருவார். அதை வீட்டுக்காரருக்கு மறைப்பதா சொல்வதா என்பது உங்கள் விருப்பம். நான் சொல்லிவிடுவேன், ஊர் சின்னது. கடையில் உங்கள் பெயரில் கடன் மட்டும் வைக்காதீர்கள்.

வேலை வரும் காலம் அறுவடையோடு போகும். காலபோக நெல் விற்ற காசு மாசி பங்குனியில் கையில் இருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிற பக்கம் ஆவணி புரட்டாதியில் இன்னொரு தரம். ஆடி ஆவணியில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வரும், அதற்கு முன் வீடு மினுங்க வேண்டும். ஐப்பசியிலிருந்து வெளிவேலை எடுக்காதீர்கள். கச்சான் காற்றுக் காலத்தில் கதவு, ஜன்னலுக்கு எனாமலை விடியற்காலையில் அடியுங்கள்; பத்து மணிக்குப் பிறகு றோட்டுப் புழுதி முழுக்க அதில்தான். முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் கிறில் துருவைச் சுரண்டி, றெட் ஒக்சைட் அடிக்காமல் மேலே போகாதீர்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஒரு தாளில் எத்தனை பூச்சு, எந்த நிறம், எத்தனை நாள், காசு எப்போது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். நான் வாங்குவது தொடக்கத்தில் மூன்றில் ஒன்று, பிறைமர் முடிய ஒன்று, கடைசியில் ஒன்று. நிறத்தை ஃபோனில் முடிவெடுக்க விடாதீர்கள். சுவிஸில் திரையில் இளம்பச்சையாகத் தெரிந்தது இங்கே வெயிலில் பாசி நிறமாக நிற்கும். இரண்டடிக்கு இரண்டடி சுவரில் அடித்து, காலையிலும் பின்னேரத்திலும் படம் எடுத்து அனுப்பி, "ஓம்" என்று எழுதி வாங்கிய பிறகு மீதியைக் கலக்கச் சொல்லுங்கள். மிஞ்சியதில் அரை லீற்றரை வீட்டிலேயே விட்டு, மூடியில் நிற இலக்கத்தையும் திகதியையும் எழுதிவையுங்கள். மூடியை இறுக்கித் தட்டி, தகரத்தைத் தலைகீழாக வைத்துவிட்டு வாருங்கள், ஆடை படராது.