கேம் திக்கினால் எல்லாவற்றையும் ‘லோ’வில் தள்ளாதீர்கள்

நம் கடற்கரை ஊர்களில் பையன்கள் கேம் விளையாடும் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் புதியவை அல்ல. மதுரையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்பாக இருக்கும், இல்லை கீழக்கரை வீடுகளில் வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த லேப்டாப்பாக இருக்கும். அதில் ஜிடிஏ 5 ஓடும். ஆனால் காரை வேகமாக விட்டால் படம் திக்கித் திக்கி வரும். உடனே செட்டிங்ஸைத் திறந்து அத்தனையையும் ‘லோ’ ஆக்கிவிடுகிறார்கள். என் பார்வையில் முதல் தவறு அதுதான். எந்தப் பாகம் திணறுகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் குறைத்தால் படம் கெடுவது உறுதி, வேகம் கூடுமா என்பது சந்தேகம்.

திணறுவது கம்ப்யூட்டர்தானா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆன்லைன் கேமில் எதிராளி ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றினால், சுட்ட குண்டு தாமதமாகப் பட்டால், அது நெட் பிரச்சினை. போன் ஹாட்ஸ்பாட்டில் விளையாடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். அதை எந்த கிராபிக்ஸ் செட்டிங்கும் சரிசெய்யாது. யாரும் இல்லாத இடத்தில் நின்று மவுஸைச் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் காட்சி வெட்டி வெட்டித் திரும்பினால்தான் அது ஃபிரேம் பிரச்சினை, அதாவது திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டிய படங்கள் நேரத்துக்கு வராத பிரச்சினை.

அடுத்தது, எண்ணைப் பார்க்காமல் கண்ணை நம்பி மாற்றுவது. விண்டோஸ் விசையையும் ஜி விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் கேம் பாரிலேயே எஃப்பிஎஸ், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண், தெரியும். ஸ்டீமிலும் அதற்குத் தனி வசதி உண்டு. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 30 என்றால் 33.3. சராசரி 60 என்று காட்டும்போதும் நடுவில் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் கண்ணுக்கு அது திக்கலாகத்தான் தெரியும். ஆகவே சராசரி எண்ணோடு, எங்கே எப்போது எண் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். கேமில் ஒரே இடத்தில் நின்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிபியு (கம்ப்யூட்டரின் முக்கிய சிப்) வேலையைத் தயார்செய்து கொடுக்க, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) அதைப் படமாக வரைகிறது. கரையில் ஒருவர் வலையிலிருந்து மீனைக் கழற்றிப் போட, இன்னொருவர் ஐஸ் பெட்டியில் அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கழற்றுகிறவர் மெதுவாக இருந்தால், அடுக்குகிறவரின் வேலையை எவ்வளவு குறைத்தாலும் பெட்டி சீக்கிரம் நிரம்பாது.

யார் மெதுவாக இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ரெசல்யூஷனை 1920×1080-இலிருந்து தற்காலிகமாக 1280×720-க்கு இறக்குங்கள். ஒரு ஃபிரேமுக்கு வரைய வேண்டிய பிக்சல் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறையும். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் திணறியது ஜிபியு. அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் சிபியுதான். டாஸ்க் மேனேஜரில் சிபியு 40 சதவீதம்தான் காட்டுகிறது என்று ஏமாந்துவிடாதீர்கள், அது எல்லா கோர்களின், அதாவது சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதிகளின், சராசரி. ஒரே ஒரு கோர் முழுதாக அடைபட்டாலும் கேம் காத்துக்கொண்டு நிற்கும்.

ஜிபியு திணறினால் ஷேடோ, ரிஃப்ளெக்ஷன், மூடுபனி, புகை சார்ந்த எஃபெக்டுகள், ஓரங்களின் பிசிறை மழுப்பும் எம்எஸ்ஏஏ வகை ஆன்ட்டி அலியாசிங் ஆகியவற்றில் கை வையுங்கள். ஷேடோவை ‘அல்ட்ரா’விலிருந்து ‘மீடியம்’ ஆக்கினால் விளையாட்டு மும்முரத்தில் வித்தியாசம் கண்ணில் படாது, ஆனால் எண்ணில் தெரியும். ஜிடிஏ 5-இல் நகரத்துக்குள் நன்றாக ஓடிவிட்டு, புல்வெளிக்குப் போனதும் படுத்துவிட்டால் ‘கிராஸ் குவாலிட்டி’யைப் பாருங்கள். சிபியு திணறினால் குறைக்க வேண்டியவை வேறு: எவ்வளவு தூரம் வரை காட்ட வேண்டும், தெருவில் எத்தனை ஆட்கள், வண்டிகள் என்பவை. அப்போது ஷேடோவை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண்.

டெக்ஸ்ச்சரை, அதாவது பொருள்களின் மேல் போர்த்தும் படங்களின் தரத்தை, பலரும் முதலில் வெட்டுகிறார்கள். சுவரும் சட்டையும் மங்கிப்போகும், எஃப்பிஎஸ் மட்டும் அப்படியே இருக்கும். டெக்ஸ்ச்சர் கேட்பது வீடியோ மெமரி, அதாவது கிராபிக்ஸ் கார்டின் சொந்த மெமரி. கார்டில் அது போதுமான அளவு இருந்தால் டெக்ஸ்ச்சர் உயர்ந்த நிலையில் இருப்பதால் வேகம் பெரிதாகக் குறையாது. மெமரி நிரம்பி வழிந்தால் மட்டும் கடுமையாகத் திக்கும், அப்போது ஒரு படி இறக்குங்கள். ஜிடிஏ 5-இல் எவ்வளவு மெமரி தேவைப்படும் என்பதைச் செட்டிங்ஸ் பக்கத்தின் மேலேயே பட்டையாகக் காட்டுகிறார்கள்.

ரெசல்யூஷனை நிரந்தரமாகவே 720-இல் விட்டுவிடுவதும் எனக்குச் சம்மதமில்லை. எழுத்தெல்லாம் குழம்பிப்போகும். கேமில் எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) இருந்தால் அதைப் போடுங்கள், ரெசல்யூஷன் 1080-இலேயே இருக்கட்டும். எஃப்எஸ்ஆர் 2 பல பழைய கார்டுகளிலும் ஓடும். அதே வேலையைச் செய்யும் டிஎல்எஸ்எஸ் வேண்டுமென்றால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். வரைந்த ஃபிரேம்களுக்கு நடுவே கூடுதல் ஃபிரேம்களை உருவாக்கிச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் வேறு சங்கதி. 25 எஃப்பிஎஸ்ஸில் தவிக்கும் கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் எண் கூடும், கை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதம் குறையாது, கூடத்தான் செய்யும்.

செட்டிங்ஸைத் தொடும் முன்பே பார்க்க வேண்டியவை சில உண்டு. டெஸ்க்டாப்பில் மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள். லேப்டாப்பில் விண்டோஸின் டிஸ்ப்ளே பகுதியில் உள்ள கிராபிக்ஸ் பக்கத்துக்குப் போய், கேமுக்கு ‘ஹை பெர்ஃபாமன்ஸ்’ தேர்ந்தெடுக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஒற்றை ராம் இருந்தால், அதே மாதிரி இன்னொன்று சேர்ப்பது எந்த செட்டிங்கையும்விட அதிகம் உதவலாம்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் அதுதான் பலரையும் படுத்துகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளிக்கூடமும் பெரும்பாலும் லீவு, வெயிலும் உச்சம். அந்த நாட்களில்தான் கம்ப்யூட்டர் பகல் முழுக்க ஓடுகிறது. சிபியுவும் ஜிபியுவும் தம் வெப்ப எல்லையைத் தொட்டால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல லேப்டாப் சிபியுக்களுக்கு அந்த எல்லை 95 முதல் 100 டிகிரி செல்சியஸ். கேம் தொடங்கிக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, அப்புறம் எண் விழுந்து அப்படியே நின்றால் முதல் சந்தேகம் சூட்டின் மீதுதான் வர வேண்டும்.

கடற்கரையில் தூசி தனியாக வருவதில்லை, உப்பு ஈரத்தோடு வருகிறது. வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் இருந்தாலும் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் இருந்தாலும் இதேதான். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கின் இடுக்குகளில் அது அப்பிக்கொள்ளும், காற்றடித்தால் மட்டும் போகாது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான பிரஷால் தள்ள வேண்டும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய மெஷினாக இருந்தால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்டும் காய்ந்திருக்கும். பக்க மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைப்பவர்களைப் பார்க்கிறேன். அன்றைக்குச் சூடு குறையலாம், ஆனால் உப்புக் காற்று நேரே போர்டில் படும், துருப்பிடிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலோரமும் வேண்டாம். லேப்டாப்பை மெத்தையில் வைத்து விளையாடவும் வேண்டாம்.

சூட்டைக் குறைக்க கேமுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை: எஃப்பிஎஸ் லிமிட். செகண்டுக்கு 60 முறை மட்டுமே படம் மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு கேம் 110 ஃபிரேம் வரைந்து தள்ளினால் மிச்சம் பெரும்பாலும் வெப்பமாகத்தான் போகிறது. 60-இல் நிறுத்துங்கள். ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு சேர்த்துவிடும் வி-சிங்க் போட்டும் நிறுத்தலாம், ஆனால் சில கேம்களில் 60-ஐத் தொட முடியாதபோது அது நேராக 30-க்கு இறக்கிவிடும், அதனால் லிமிட்டே எனக்குப் பிடித்தது.

ராமைச் சுத்தம் செய்கிறேன், எஃப்பிஎஸ்ஸை இரட்டிப்பாக்குகிறேன் என்று வரும் பூஸ்டர் சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். டிரைவர் அப்டேட் செய்த பிறகு முதல் ஆட்டத்தில் கொஞ்சம் திக்கினாலும் பயப்பட வேண்டாம். கேம் ஷேடர்களை (ஜிபியுவில் ஓடும் சின்ன நிரல்களை) புதிதாகத் தயார்செய்து சேமித்துக்கொள்கிறது, கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். அந்தச் சேமிப்பை, அதாவது ஷேடர் கேஷை, ‘குப்பை’ என்று அடிக்கடி அழித்தால்தான் திக்கல் திரும்பத் திரும்ப வரும்.

எல்லாம் செய்தும் எண் 35-க்கும் 50-க்கும் இடையே ஆடிக்கொண்டே இருந்தால், லிமிட்டை 30-இல் வைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். கதையோடு ஓடும் கேம்களில் ஏறி இறங்கும் 45-ஐவிட நிலையான 30 கண்ணுக்கு இதமாக இருக்கும். சுடும் ஆன்லைன் கேம்களுக்கு மட்டும் இது ஒத்துவராது, அங்கே எண்ணை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.