மத்தியகளத்தில் நிலைப்பது எப்படி: கொழும்புத் தம்பிமாருக்கு

கொட்டாஞ்சேனையில் பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். போட்டி முடிந்து வீடு போகும் பிள்ளையிடம் தகப்பன்மார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கோல் அடித்தாய்?" மத்தியகள வீரனிடம் அதற்குப் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. அணியிலேயே அதிகமாகப் பந்தைத் தொட்டவன் அவனாக இருப்பான். மறுநாள் பத்திரிகையில் அவன் பெயர் இருக்காது. ஆகவே இந்த இடத்தில் விளையாடிப் பிழைக்க விரும்பும் தம்பிமாரும் தங்கச்சிமாரும், தேர்வாளர்களின் கண் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுத்தவனா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

அதற்கு முதல் வேலை, தலையைத் திருப்பப் பழகுவது. நோர்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். பந்தைப் பெறுவதற்கு முன் அடிக்கடி சுற்றிப் பார்த்தவர்களே முன்னோக்கிய பாஸ்களைக் கூடுதலாகச் சரியாகக் கொடுத்தார்கள் என்று கண்டார். இதைப் பழக மைதானம்கூடத் தேவையில்லை. ஜிந்துப்பிட்டி ஒழுங்கை ஒன்றும் இரண்டு நண்பர்களும் போதும். ஒருவர் உங்களுக்கு முன்னால், மற்றவர் பின்னால் நிற்கட்டும். முன்னால் நிற்பவர் பந்தை உதைத்ததும் பின்னால் நிற்பவர் விரல்களை உயர்த்த வேண்டும். பந்து உங்கள் காலைத் தொடுவதற்குள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்லுங்கள். இது எளிதானதும், பின்னால் நிற்பவர் ஓடி வந்து நெருக்கட்டும், அல்லது தள்ளியே நிற்கட்டும். நெருக்கினால் பந்தை வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். தள்ளி நின்றால் திரும்பி முன்னேறுங்கள்.

எப்போது பார்ப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பந்து மற்றவர்களுக்கிடையே ஓடும்போது ஒரு தடவை, உங்களை நோக்கிப் புறப்பட்டவுடன் இன்னொரு தடவை. கடைசி இரண்டு மூன்று மீற்றரில் கண் பந்திலேயே இருக்க வேண்டும். உடலைப் பாதி திருப்பி, பந்து வரும் பக்கத்துக்கு அப்பாலுள்ள காலால் வாங்குங்கள். அந்தத் தொடுகையிலேயே நீங்கள் எதிரணியின் கோலை நோக்கித் திரும்பிவிடுவீர்கள். இதையே மதிற்சுவரில் அடித்து, இடது காலாலும் வலது காலாலும் பழகுங்கள். போட்டியன்று பார்வையாளர் வரிசையில் இருக்கும் தம்பியிடமோ மச்சானிடமோ தொலைபேசியைக் கொடுத்து, பந்தை விட்டுவிட்டு உங்களை மட்டும் படம்பிடிக்கச் சொல்லுங்கள். பந்து வருவதற்கு முந்திய பத்து விநாடிகளில் தலை எத்தனை தடவை திரும்பியது என்று இரவில் எண்ணிப் பாருங்கள். எந்தப் பயிற்றுவிப்பாளரின் பேச்சைவிடவும் அந்தப் படம் அதிகம் சொல்லித்தரும்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தொழில்முறைப் போட்டியில் மத்தியகள வீரர் 10 முதல் 12 கிலோமீற்றர் வரை ஓடுகிறார், அதில் பெரும்பகுதி பந்து இல்லாமல். கொழும்பின் புழுக்கத்தில் பிற்பகல் மூன்றரைக்குப் போட்டி தொடங்கினால் வெறும் தண்ணீர் போதாது. வியர்வையோடு உப்பும் போகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனி என்ற உப்புச்சத்துத் தூளைப் பொதியில் உள்ள அளவுப்படி தண்ணீரில் கலந்து குடியுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீரர்கள் கடும் பயிற்சியை நோன்பு துறந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. மற்றவர்களும் அந்த நேரத்துக்கே வந்து சேர்ந்துகொள்ளுங்கள், அணி பிரியாது. இறுகிய தரையில் முழங்கால் பாதிக்கப்படாமலிருக்க 'ஃபிஃபா 11+' என்ற இருபது நிமிட உடற்பயிற்சித் தொகுதி இலவசமாகக் கிடைக்கிறது. அது காயங்களைக் கணிசமாகக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாமதமாகிவிட்டது என்று அதைத் தவிர்க்கும் பயிற்றுவிப்பாளர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

ஓர் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். இத்தாலியின் அந்திரேயா பிர்லோ முன்கள வீரர்களுக்குப் பின்னால், 10ஆம் இலக்கத்துக்குரிய இடத்தில் தொடங்கியவர். 2001இல் பிரெஸ்சியா கழகத்தில் அவரைப் பின்கள வீரர்களுக்கு முன்னால் இறக்கினார்கள். அங்கிருந்துதான் அவர் உலகக் கிண்ணம் வென்ற வீரரானார். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் 10ஆம் இலக்கத்தையே கேட்கிறார்கள். பின்கள வீரர்களுக்கு முன்னால் நிற்கும் 6ஆம் இலக்கத்தின் வேலையையும் கற்றவனுக்கு ஆரம்பப் பதினொருவரில் இடம் கிடைக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது.

இனி வயிற்றுப்பாடு. கொழும்பில் ரினோன், சோண்டர்ஸ், ஜாவா லேன் போன்ற பழைய கழகங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் கழகப் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் சேர்ந்தவர்களுக்கு மாதச் சம்பளம் உறுதி. சேவையில் சேர விரும்பாதவர்கள் ஒரு தொழிலையோ படிப்பையோ கூடவே வைத்திருங்கள். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது; ஆகஸ்ட் வரை நம் வீரர்களுக்குச் சர்வதேசப் போட்டியே இல்லை. அதில் வீரர்களின் குற்றம் எதுவும் கிடையாது. சாதாரண தரப் பரீட்சைக்காகப் பந்தை ஒரேயடியாக விடவும் வேண்டாம், பந்துக்காகப் பரீட்சையை விடவும் வேண்டாம். பரீட்சைக்கு முந்திய மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி போதும் என்று நானே பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறேன்.

இருபது வயதில் தேர்வாகவில்லை என்று அழுதுகொண்டு வருபவர்களுக்கு பிரான்சின் மத்தியகள வீரர் இங்கோலோ கான்டேயின் கதையைச் சொல்வேன். 2013 வரை பிரான்சின் மூன்றாம் பிரிவில் பூலோன் கழகத்துக்கு ஆடியவர். 2015இல், 24 வயதில், இங்கிலாந்தின் லெஸ்டர் கழகத்துக்குப் போனார். 2016இல் பிரீமியர் லீக்கையும் 2018இல் உலகக் கிண்ணத்தையும் வென்றார்.

வெளிநாடு என்றால் நமக்குப் பக்கத்தில் மாலைத்தீவு இருக்கிறது. கோல்காப்பாளர் சுஜான் பெரேரா உட்பட இலங்கையர் சிலர் அங்குள்ள கழகங்களில் ஆடியிருக்கிறார்கள். 18 வயதுக்கு முன் வெளிநாட்டுக் கழகத்தில் பதிவு செய்வதை, சில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபா அனுமதிப்பதில்லை. ஆகவே 16 வயதுப் பிள்ளையை ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி முற்பணம் கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். உரிமம் பெற்ற முகவர்களின் பெயர்கள் ஃபிஃபா இணையத்தளத்தில் உள்ளன. முதலில் அங்கே தேடிப் பாருங்கள். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், நீங்கள் பதிவாகியிருந்த ஒவ்வொரு கழகத்தின் கடிதம், முழுப் போட்டி ஒன்றின் வெட்டப்படாத காணொளி ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். மத்தியகள வீரனைக் கோல் தொகுப்பை மட்டும் பார்த்து எவரும் எடை போட முடியாது.

நான் ஆடிய காலத்தில் ஒரு கழகம் எங்கள் சம்பளத்தில் பாதியைத் தரவேயில்லை. வாய்ச்சொல்லைத் தவிர எங்கள் கையில் எதுவும் இருக்கவில்லை. சம்பளம், கொடுக்கும் திகதி, வீடு, சாப்பாடு, காயத்துக்கான சிகிச்சை, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். வெளிநாட்டுக் கழகம் இரண்டு மாதச் சம்பளத்தைச் சட்டவிரோதமாக நிறுத்திவைத்தால், எழுத்தில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் முழுத் தொகை வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதி இடம் தருகிறது. அந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், திகதியோடு ஒரு பிரதியை வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.