எஸ்எஃப்டிபி யூசரை ஹோம் ஃபோல்டருக்குள்ள பூட்டும்போது எல்லாரும் பண்ற தப்புங்க

சர்வர்ல ஃபைல் ஏத்தறதுக்குன்னு டிசைனருக்கு ஒரு எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியா ஃபைல் அனுப்பற முறை) லாகின் குடுக்கறோம், அவர் ஃபைல்ஜில்லாங்கற ஃபைல் அனுப்பற ஆப்ல நுழைஞ்சு மேல ரெண்டு ஃபோல்டர் ஏறுனா மத்த கஸ்டமர் பேரெல்லாம் வரிசையா தெரியுது. இத தடுக்கத்தான் சர்வர்ல லாகின பாத்துக்கற ஓபன்எஸ்எஸ்எச்ல சிஎச்ரூட்டைரக்டரி (ChrootDirectory)னு, யூசரை ஒரு ஃபோல்டருக்குள்ளயே பூட்டற செட்டிங் இருக்கு, 2008லயே வந்துடுச்சு, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம்.

முக்காவாசி பேர் மாட்டுறது ஓனர்ஷிப்லதான், அதாவது ஃபோல்டர் யார் பேர்ல இருக்குங்கறதுல. யூசரோட ஹோம் தானே, அவர் பேர்லயே இருக்கட்டும்னு விட்டுடுவாங்க, பாஸ்வேர்ட் ஏத்துக்கும், அடுத்த நொடியே ப்ரோக்கன் பைப்னு கனெக்ஷன் கட் ஆகிடும், உடனே பதறிப்போய் 777 (யார் வேணா எழுதலாம்ங்கற பெர்மிஷன்) போடுவாங்க, அது இன்னும் மோசம். பூட்டுற ஃபோல்டர் ரூட் (சர்வரோட அட்மின் யூசர்) பேர்ல இருக்கணும், குரூப்புக்கும் மத்தவங்களுக்கும் ரைட் பெர்மிஷன் இருக்கக்கூடாது, அதாவது 755. அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் இல்ல, மேல ஸ்லாஷ் (/, எல்லாத்துக்கும் உச்சியில இருக்கற ஃபோல்டர்) வரைக்கும் வழியில இருக்கற அத்தனையும் அப்படித்தான் இருக்கணும். எனக்கு ஒரு தடவ ஹோம் எல்லாம் சரியா இருந்தும் விடவே இல்ல, ஒரு மணி நேரம் முட்டிக்கிட்டு கடைசில வழியில இருக்கற ஒவ்வொரு ஃபோல்டரோட பெர்மிஷனையும் காட்டற நேம்ஐ கமாண்டை மைனஸ் எல் போட்டு (namei -l) ஓட்டிப் பாத்தா, ரெண்டு படி மேல இருந்த டேட்டா ஃபோல்டர் 775ல, அதாவது குரூப்பும் எழுதலாம்னு நிக்குது. உபுண்டுன்னா ஆத் லாக்ல (லாகின் பதிவு ஃபைல், auth.log), புது டெபியன்னா ஜர்னல்சிடிஎல்ல (journalctl) "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்"னு ஒரு வரி இருக்கும், மொதல்ல அத பாருங்க. ஃபைல் ஏத்த உள்ள அப்லோட்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு அத மட்டும் யூசர் பேருக்கு மாத்துனா போதும்.

லாகின் ஆனதும் எது ஓடணும்னு சொல்ற ஃபோர்ஸ்கமாண்ட் (ForceCommand) செட்டிங்ல இன்டர்னல்-எஸ்எஃப்டிபி (internal-sftp) போட மறந்துட்டு, பூட்டுன ஃபோல்டருக்குள்ள பாஷ் (கமாண்ட் அடிக்கற ஷெல்), லைப்ரரி எல்லாம் காப்பி பண்றவங்களும் இருக்காங்க. ஃபைல் ஏத்த மட்டும்னா அது எதுவுமே தேவையில்ல, இன்டர்னல்-எஸ்எஃப்டிபி எஸ்எஸ்எச்டிக்குள்ளயே (sshd, ஓபன்எஸ்எஸ்எச்சோட சர்வர் ப்ரோக்ராம்) இருக்கு.

எனக்கு ரொம்ப பயம் தர்றது போர்ட் ஃபார்வர்டிங், அதாவது எஸ்எஸ்எச் லாகின் வழியா வேற நெட்வொர்க் கனெக்ஷனை உள்ள கடத்தறது. ஃபோல்டர பூட்டியாச்சுன்னு நிம்மதியா இருப்போம், ஆனா அலவ்டிசிபிஃபார்வர்டிங் நோ (AllowTcpForwarding no) போடலன்னா அதே லாகின வச்சு டன்னல் போட்டு, சர்வருக்குள்ள மட்டும் கேக்கற மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோட 3306 போர்ட்ட வெளியில இருந்தே தட்டலாம். சிஎச்ரூட் ஃபைலத்தான் தடுக்கும், நெட்வொர்க்க இல்ல. இந்த ஒரு வரிய தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

இந்த செட்டிங் எல்லாம் ஒரு குறிப்பிட்ட குரூப் யூசருக்கு மட்டும்னு சொல்ற மேட்ச் குரூப் (Match Group) பிளாக்க, எஸ்எஸ்எச்டியோட கான்ஃபிக் ஃபைலுக்கு (sshd_config) கடைசியில போடுங்க. அடுத்த மேட்ச் வர்ற வரைக்கும் கீழ இருக்கறது எல்லாமே அந்த குரூப்புக்கு மட்டும்னு ஆகிடும். நடுவுல சொருகுனா, கீழ இருக்கற, பாஸ்வேர்ட் லாகின நிறுத்தற பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ மத்த யூசருக்கு வேலையே செய்யாது, பாஸ்வேர்ட் லாகின் தெறந்து கெடக்கும்.

யூசர குரூப்ல சேக்கும்போது யூசர்மாட் கமாண்ட்ல பெரிய ஜி கூட சின்ன ஏ-வும் சேத்து (usermod -aG) போடுங்க, இல்லன்னா ஏற்கனவே இருந்த மத்த குரூப்ல இருந்து தூக்கிடும். பூட்டுக்கு வெளியில இருக்கற ஃபோல்டர யூசருக்கு காட்டணும்னா சிம்லிங்க் (ஷார்ட்கட் மாதிரி) வேலைக்காகாது, அந்த ஃபோல்டரயே உள்ளயும் தெரிய வைக்கற பைண்ட் மவுண்ட்தான் வழி.

ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எஸ்எஸ்எச்டி மைனஸ் டி (sshd -t, டெஸ்ட்டுக்கான சின்ன t) ஓட்டி கான்ஃபிக்ல தப்பு இருக்கான்னு பாருங்க, ரீஸ்டார்ட் பண்ணதும், இருக்கற விண்டோவ மூடாம இன்னொரு விண்டோல லாகின் ஆகி, உள்ள போகுதுன்னு தெரிஞ்சப்புறம் பழசை மூடுங்க.