நாடாப்புழு ஆய்வில் வரும் சமிக்ஞைப் படத்தைப் படிப்பது எப்படி

நாடாப்புழுவும் நோயெதிர்ப்பும் பற்றிய ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் கடைசிப் படம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஓரத்தில் ஒரு புழு, நடுவில் ஒரு செல், சுற்றிலும் அம்புக்குறிகள். எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் முதுகலை மாணவர்கள் அந்த அம்புகளை மனப்பாடமாகவே சொல்வார்கள்: ஐஎல்-4 என்ற சமிக்ஞைப் புரதம் செல்லின் ஏற்பியில் ஒட்டும், ஏற்பியோடு இருக்கும் ஜேக் நொதிகள் விழிக்கும், ஸ்டாட்6 என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறும், அது செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும், புழு வெளியேறிவிடும். கடைசி அம்பு வரை வந்ததும் நான் நிறுத்திக் கேட்பேன்: "புழு எங்கே இருக்கிறது?"

படத்தைப் படிக்க உட்காரும்போது முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். எந்த இனம், எந்த உறுப்பு, எந்தப் பருவம். இந்த மூன்றும் தெரியாமல் "ஸ்டாட்6 பாதுகாப்பு தரும்" என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இரண்டு சுண்டெலிச் சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹைமெனோலெபிஸ் டிமினியூட்டா என்பது எலியின் நாடாப்புழு. எலியின் குடலில் சுகமாக நெடுங்காலம் வாழும். சுண்டெலிக்கு அதையே கொடுத்தால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுகிறது. ஸ்டாட்6 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியால் அப்படித் தள்ள முடிவதில்லை. இங்கே ஸ்டாட்6 நண்பன். அடுத்தது டீனியா கிராசிசெப்ஸ். இதன் லார்வாக் கட்டிகளை வயிற்றறைக்குள் செலுத்தினால், அவை மொட்டுவிட்டுப் பெருகிக்கொண்டே போகும். ஸ்டாட்6 நீக்கிய சுண்டெலியோ அந்தக் கட்டிகளை ஒழித்துவிடுகிறது. சாதாரண சுண்டெலியால்தான் முடியவில்லை. இங்கே தேவைப்படுவது ஸ்டாட்6-இன் உறவுப் புரதமான ஸ்டாட்4 வழியாக வரும், காமா இன்டர்ஃபெரான் என்ற வேறொரு சமிக்ஞைப் புரதத்தின் பக்கத்து எதிர்ப்பு. ஒரே மூலக்கூறு, இரண்டுமே நாடாப்புழு, விளைவோ நேர் எதிர்.

காரணத்தைத் தேட அம்பின் முனையைப் பாருங்கள். அது எந்தச் செல்லில் போய் முடிகிறது? ஐஎல்-4-ஐப் போலவே ஸ்டாட்6 வழியே பேசும் ஐஎல்-13 குடலில் முக்கியமாகக் குறிவைப்பது குடற்சுவரின் மேற்படலத்தையும் தசையையும். சளி சுரக்கும் கோப்பைச் செல்கள் பெருகும், நீர் சுரக்கும், தசை வேகமாகச் சுருங்கும். புழுவைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை, இருப்பிடத்தைக் கெடுத்தால் போதும். திசுவுக்குள் உட்கார்ந்திருக்கும் கட்டியை அப்படி எங்கே தள்ளுவது? அங்கே ஐஎல்-4 சென்று சேர்வது கிருமிகளை விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜிடம். ஸ்டாட்6 வழியாக அந்தச் செல் ஆர்ஜினேஸ்-1 நொதியைக் குவிக்கிறது. ஆர்ஜினேஸ் உடைப்பது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை; நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதிக்கும் அதே ஆர்ஜினின்தான் மூலப்பொருள். ஆர்ஜினேஸ் அதைத் தின்றுவிட்டால் லார்வாவைத் தாக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, அக்கம்பக்கத்து டி செல்களும் பட்டினி கிடக்கின்றன. கட்டி நிம்மதியாக வளர்கிறது.

குடல் பக்கத்துப் படத்தில் இப்போதெல்லாம் டஃப்ட் செல் தவறாமல் இடம்பிடிக்கிறது. 2016-இல் ஒரே சமயத்தில் மூன்று குழுக்கள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. மேற்படலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் இந்தச் செல் ஐஎல்-25-ஐ வெளியிடுகிறது, அது இரண்டாம் வகை உள்ளார்ந்த லிம்ஃபாய்ட் செல்களைத் தூண்டுகிறது, அவை தரும் ஐஎல்-13 குடலின் தண்டுச்செல்களிடம் போய் "இன்னும் டஃப்ட் செல்கள் வேண்டும்" என்கிறது. சுழன்று சுழன்று பெருகும் ஒரு வட்டம். அழகான கண்டுபிடிப்புதான். ஆனால் அந்தச் சான்றுகள் உருளைப்புழுக்களையும் ஒரு புரோட்டோசோவாவையும் வைத்துக் கிடைத்தவை. நாடாப்புழுக் கட்டுரையில் அந்த வட்டத்தைப் பார்த்தால், அந்தக் குழுவே திசுவெட்டில் டஃப்ட் செல்லின் அடையாளப் புரதமான டிசிஎல்கே1-க்குச் சாயமேற்றி டஃப்ட் செல்களை எண்ணியிருக்கிறதா, இல்லை இரவல் வாங்கி வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரவல் அம்புகளுக்கு நான் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன்.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாக. முட்டையிலிருந்து வெளிவந்த ஆன்கோஸ்ஃபியர் என்ற இளம்புழு ஆன்டிபாடிக்கும், இரத்தத்தின் காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதங்களுக்கும் எளிதில் பலியாகும். நாடாப்புழுக்களுக்கு எதிரான இஜி95, டிசோல்18 தடுப்பூசிகள் வேலை செய்வது அந்தக் குறுகிய இடைவெளியில்தான். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் லார்வாக் கட்டி தன்னைச் சுற்றி அடுக்குச் சவ்வைக் கட்டிக்கொண்ட பிறகு அதே ஆன்டிபாடிகளால் பெரிய பயன் இல்லை.

அடுத்து அம்புகளின் திசை. பெரும்பாலான படங்களில் புழு ஒரு மூலையில் சும்மா கிடக்கும், பேசுவதெல்லாம் ஓம்புயிரின் செல்கள். அதை நம்பாதீர்கள். நாடாப்புழுவுக்குக் குடலே கிடையாது. உடலின் புறப்படலம் முழுக்க நுண்மயிர்கள் போன்ற நீட்சிகள், அதன் வழியேதான் உணவு உள்ளே போகிறது, அதன் வழியே பலவும் வெளியே வருகின்றன. எக்கினோகாக்கஸ் கட்டியின் திரவத்தில் ஏராளமாக இருக்கும் ஆன்டிஜென் பி நியூட்ரோஃபில்கள் நெருங்கி வருவதைத் தடுக்கிறது, டென்ட்ரைட் செல்களின் போக்கையும் திருப்புகிறது. எக்கினோகாக்கஸ் மல்டிலொகுலாரிஸ் ஆக்டிவின் போன்ற ஒரு புரதத்தைச் சுரந்து, எதிர்ப்பை அடக்கும் ஃபாக்ஸ்பி3 டி செல்களைப் பெருக்குகிறது. ஆக்டிவின் சேர்ந்த டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதக் குடும்பத்தின் மொழியைப் புழுவும் பேசுகிறது என்று அர்த்தம். கேட்கவும் செய்கிறது: ஓம்புயிரின் இன்சுலினை அதன் ஏற்பிகள் உணர்ந்து லார்வாவை வளர்க்கின்றன. 2013-இல் நான்கு நாடாப்புழு இனங்களின் மரபணுத் தொகுதி வெளியான பிறகு இந்த மாதிரி ஏற்பிகளைத் தேடுவது எளிதாகிவிட்டது. எனவே ஒவ்வொரு படத்திலும் புழுவை நோக்கி வரும் அம்பு ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இப்போது பட்டைகள். அம்புக்கு ஆதாரமாகக் கட்டுரையின் நடுப்பகுதியில், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் இருக்கும். ஸ்டாட்6 என்றால் 641-ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறிய வடிவத்தைக் காட்டும் பட்டை, சுமார் 110 கிலோடால்டனில். அதற்குக் கீழே மொத்த ஸ்டாட்6 பட்டை இருக்கிறதா? ஒப்பீட்டுக்கு எல்லாச் செல்லிலும் இருக்கும் ஆக்டின் புரதத்தை மட்டும் காட்டியிருந்தால் எனக்குப் போதாது. பாஸ்பேட் ஏறியதா, புரதமே கூடியதா என்பதை ஆக்டின் சொல்லாது. நீங்களே செய்து பார்ப்பதானால், ஐஎல்-4 கொடுத்த 15 முதல் 30 நிமிடத்தில் செல்களை ஐஸில் வையுங்கள், உடைக்கும் கரைசலில் சோடியம் ஆர்த்தோவனடேட் சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லின் பாஸ்பேட்டேஸ் நொதிகள் நீங்கள் குழாயை எடுத்துவருவதற்குள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். சவ்வைப் பால்பவுடர் கரைசலில் ஊறவைக்காமல் பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) கரைசலில் ஊறவையுங்கள். பாலில் உள்ள கேசீன் தானே பாஸ்பேட் சுமக்கும் புரதம், பின்னணி கூடிப் பட்டை தெளிவில்லாமல் போகும் அபாயம் உண்டு.

என்னிடம் வரும் கட்டுரைகளில் நான் அதிகம் சண்டை பிடிப்பது வேறோர் இடத்தில். "புழுவின் சுரப்புகள் மேக்ரோஃபேஜில் என்எஃப்-காப்பா பி-யைத் தூண்டின" என்று எழுதியிருப்பார்கள். என்எஃப்-காப்பா பி என்பது அழற்சி மரபணுக்களை இயக்கும் புரதம். அந்தப் புழு எங்கிருந்து வந்தது? எலியின் குடலிலிருந்து. அங்கே இருப்பதெல்லாம் பாக்டீரியா. ஆன்டிபயாடிக் போட்டுக் கழுவினோம் என்பார்கள். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், அதன் சுவரிலிருந்து உதிர்ந்த எண்டோடாக்சினை ஒன்றும் செய்யாது. எண்டோடாக்சினை உணரும் டிஎல்ஆர்4 ஏற்பிக்கு அதில் துளி போதும், என்எஃப்-காப்பா பி விழித்துவிடும். எண்டோடாக்சின் அளவை எல்ஏஎல் சோதனையில் அளந்தார்களா, எண்டோடாக்சினை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தும் அதே விளைவு வந்ததா, டிஎல்ஆர்4 இல்லாத செல்லில் முயன்றார்களா? செய்முறைப் பகுதியில் இந்த மூன்றில் ஒன்றாவது இல்லையென்றால், அந்த அம்பு புழுவிலிருந்து கிளம்பியது என்று நான் ஏற்பதில்லை. எதிர்த்திசை முடிவு, அதாவது எண்டோடாக்சின் கொடுத்த செல்லைச் சுரப்பு அடக்கிவிட்டது என்றால், முதலில் கேட்க வேண்டியது செல்கள் உயிரோடு இருந்தனவா என்பதுதான்.

நேரத்தையும் பாருங்கள். என்எஃப்-காப்பா பி-யைக் கட்டிவைக்கும் ஐகாப்பா-பி ஆல்ஃபா தூண்டுதலுக்குப் பின் அரைமணிக்குள் சிதைந்து, ஒருமணி வாக்கில் மீண்டும் உற்பத்தியாகத் தொடங்கிவிடும். ஒரே ஒரு நேரப்புள்ளியை வைத்துக்கொண்டு "மாற்றம் இல்லை" என்று எழுதும் கட்டுரை, ரயில் போன பிறகு நடைமேடையைப் படம் எடுத்ததற்குச் சமம்.

நேரம் என்பது நிமிடக் கணக்கு மட்டுமல்ல, ஆண்டுக் கணக்கும்கூட. மனித மூளையில் பன்றி நாடாப்புழுவான டீனியா சோலியத்தின் கட்டி உயிரோடு இருக்கும்வரை பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் போகலாம். சுற்றிலும் அழற்சி அடங்கியே கிடக்கும். கட்டி சாகத் தொடங்கும்போதுதான் அடக்கும் சுரப்புகள் நின்றுபோய், உள்ளிருந்த ஆன்டிஜென்கள் கசிந்து, செல்கள் திரண்டு, வீக்கமும் வலிப்பும் வருகின்றன. புழு மருந்தான அல்பெண்டசோல் கொடுக்கும்போது மருத்துவர்கள் கூடவே டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் கொடுப்பது இதனால்தான். மருந்து புழுவைக் கொல்கிறது, ஸ்டீராய்டு என்எஃப்-காப்பா பி போன்ற பாதைகளை அமுக்கிவைக்கிறது. கண்ணுக்குள் கட்டி இருக்கிறதா என்று முன்னதாகவே பார்ப்பதும் இந்த அழற்சிக்குப் பயந்துதான். புழு மாத்திரை சாதாரணம்தானே என்று வலிப்பு உள்ளவர் தானாக வாங்கி விழுங்கக் கூடாது.

ஆகவே மூளைக்கட்டி பற்றிய படமாக இருந்தால் ஒரே பெட்டிக்குள் அடைத்த அம்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தாளில் மூன்று பெட்டி வரைந்து, உயிருள்ள கட்டி, சாகும் கட்டி, சுண்ணாம்பு படிந்த கட்டி என்று பெயரிட்டு, கட்டுரையின் ஒவ்வொரு அம்பையும் அதற்குரிய பெட்டிக்கு மாற்றுங்கள். மூன்றாவது பெட்டியைக் காலியாக விட்டுவிட வேண்டாம். சுண்ணாம்பு படிந்த கட்டியைச் சுற்றியும் சிலருக்குத் திரும்பத் திரும்ப வீக்கம் வருகிறது.